காற்றில் முளைத்த பனி

எங்கள் வீட்டில் பனியைப் பற்றி அப்பா சொன்னால் அதற்கு மறுபேச்சு கிடையாது. நீலகிரியில், கேத்தி பாலாடாவில் கேரட்டும் உருளைக்கிழங்கும் போட்டவர். நவம்பர் பிறந்துவிட்டால் தினமும் பொழுது சாயும் நேரத்தில் வாசலில் வந்து நிற்பார். இரண்டே விஷயங்களைத்தான் பார்ப்பார்: மேகம் இருக்கிறதா, காற்று ஆடுகிறதா. மேகம் இருந்தால் நிம்மதியாகச் சாப்பிட உட்காருவார். காற்று அடித்தாலும் கவலையில்லை. வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்து, சில்வர் ஓக்கில் ஓர் இலைகூட அசையவில்லை என்றால் முகம் மாறிவிடும். "இன்னிக்கு விழுந்துடும்" என்பார். அன்று விடியும் முன்பே டார்ச்சை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய் ஸ்பிரிங்ளரைத் திறந்துவிடுவார். வெயில் படுவதற்குள் இலைமேல் இருக்கிற பனியைக் கழுவிவிட வேண்டும்.

காரணம் எனக்குப் பிற்பாடு பள்ளிக்கூடத்தில் புரிந்தது. மேகமில்லாத இரவில் மண் தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடுகிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்து, தண்ணீர் மாதிரி சரிவில் வழிந்து, பள்ளத்தில் போய்த் தேங்குகிறது. நீலகிரியில் உறைபனி மேட்டைவிடப் பள்ளத்தில் கடுமையாக இருப்பது அதனால்தான். தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம் எல்லாம் ஜனவரிக் காலையில் உப்புக் கொட்டிவைத்த மாதிரி கிடக்கும். சோலை மரக்கன்றுகள் திறந்த புல்வெளியில் பிழைக்காமல் போவதற்கு இந்தப் பனியும் ஒரு காரணம் என்கிறார்கள். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் உருளைக்கிழங்குச் செடிதான். காலையில் வெள்ளை பூசிக்கொண்டு அழகாக நிற்கும். மதியத்துக்குள் வெந்த கீரையாகக் கறுத்துத் தொங்கும்.

ஆக, பனி விழ வேண்டுமானால் வானம் தெளிந்திருக்க வேண்டும், காற்று நிற்க வேண்டும், இடம் பள்ளமாக இருக்க வேண்டும். முப்பத்தாறு வயது வரை இதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. ஒரு நவம்பரில் ஃபிராங்கோனியா மலைமுகட்டில் நடந்தேன். மூன்றும் தலைகீழாக இருந்தன.

ஃபிராங்கோனியா மலைமுகடு அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், வெண்மலைகள் என்று பெயர் பெற்ற தொடரில் இருக்கிறது. பாஸ்டனிலிருந்து இரண்டேகால் மணி நேரம் வண்டி ஓட்டினால் அடிவாரம். லிட்டில் ஹேஸ்டாக், லிங்கன், லஃபாயெட் என்று மூன்று உச்சிகள் வடக்கு தெற்காக ஒரே வரிசையில் நிற்கின்றன. அவற்றை இணைக்கிற முதுகெலும்பின் மேல், மரமே இல்லாத வெட்டவெளியில், கிட்டத்தட்ட 2.7 கிலோமீட்டர் நடக்கலாம். ஏறி, முகட்டில் நடந்து, வேறு வழியாக இறங்கினால் மொத்தம் 14 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஏற்றம் ஏறக்குறைய 1,200 மீட்டர்.

இந்த மூன்றில் உயரமான லஃபாயெட் 1,600 மீட்டர்தான். எங்கள் ஊட்டி நகரமே 2,240 மீட்டரில் இருக்கிறது. குன்னூர் பேருந்து நிலையத்தில் நிற்கிறவர்கூட லஃபாயெட் உச்சியில் நிற்பவரைவிட உயரத்தில்தான் நிற்கிறார். முதல்முறை வரைபடத்தில் இந்த எண்ணைப் பார்த்தபோது இதில் என்ன பெரிய மலையேற்றம் என்று நினைத்தேன். அப்படி நினைத்தது தவறு. ஊட்டி 11 பாகை அட்சரேகையில் இருக்கிறது, இது 44 பாகையில். இங்கே 1,400 மீட்டரைத் தாண்டினாலே மரம் நிமிர்ந்து நிற்க முடியாமல் குள்ளமாகி, பிறகு இல்லாமலே போய்விடுகிறது. இதே தொடரில் வடகிழக்கே தெரிகிற வாஷிங்டன் மலையும் 1,917 மீட்டர்தான். அதன் உச்சியில் இருக்கும் வானிலை ஆய்வகத்தில் 1934 ஏப்ரல் 12 அன்று காற்றின் வேகம் மணிக்கு 372 கிலோமீட்டர் என்று பதிவானது.

இலையுதிர்காலம் என்றால் நம் மக்கள் இங்கே அக்டோபர் முதல் வாரத்தில் வருவார்கள். சிவப்பும் மஞ்சளுமாகக் காடு எரிகிற மாதிரி இருக்கும், படம் எடுப்பார்கள், ஆப்பிள் பறிப்பார்கள், திரும்பிவிடுவார்கள். அதற்குப் பிறகு, பனிச்சறுக்கு தொடங்குவதற்கு முன்னால் ஒரு காலம் உண்டு. உள்ளூர்க்காரர்கள் அதைக் குச்சிப் பருவம் என்கிறார்கள். மரங்கள் எல்லாம் வெறும் குச்சிகளாக நிற்கிற மாதம். சேறு, மழை, சீக்கிரமே இருட்டு என்று யாருக்கும் பிடிக்காத மாதம். எனக்கு ஆண்டிலேயே பிடித்த மாதம் இதுதான். இலை மறைக்காததால் மலையின் உடம்பு முழுசாகத் தெரியும். எந்தப் பாறை எங்கே உருண்டு வந்து நின்றது, எந்த ஓடை எப்படித் திரும்புகிறது என்று கண்ணால் தொடர்ந்து போக முடியும். நம் பெரியவர்கள் ஆண்டை ஆறாகப் பிரித்து, குறிஞ்சிக்குக் கூதிரையும் முன்பனியையும் கொடுத்தார்கள். மலைக்கு உரிய பொழுது குளிர்காலம் என்று அவ்வளவு காலம் முன்பே சொல்லிவிட்டார்கள். அந்தக் கணக்கை நான் முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன்.

அன்று என்னோடு வந்தது அலுவலகத்தில் வேலை பார்க்கும் தம்பி. தென்காசிக்காரன், என்னைவிடப் பத்து வயது இளையவன். கோடையில் சில மலைகள் ஏறியிருக்கிறான், நவம்பரில் இதுதான் முதல்முறை. முந்தின நாள் இரவு அவனை வீட்டுக்கு வரச்சொல்லி, பையைக் கொட்டிப் பார்த்தேன். ஜீன்ஸ் பேண்டும் பருத்திச் சட்டையும் எடுத்து வைத்திருந்தான். இரண்டையும் மாற்றச் சொன்னேன். பருத்தி நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கம்பளியோ பாலியஸ்டரோதான் வேண்டும். இரண்டு ஜோடி கையுறை, வழுக்காமல் இருக்கக் காலணியில் மாட்டுகிற இரும்பு முள் சங்கிலியான மைக்ரோஸ்பைக்ஸ், தலையில் மாட்டும் விளக்கு, காகித வரைபடம், திசைகாட்டி. வேட்டைப் பருவம் என்பதால் இருவருக்கும் பளிச்சென்ற ஆரஞ்சு மேல்சட்டை. நவம்பரில் இங்கே காட்டுக்குள் மான் வேட்டை நடக்கும், நடப்பவர்கள் தூரத்திலிருந்தே தெரிகிற நிறத்தில் போவதுதான் பாதுகாப்பு.

இதையெல்லாம் நான் கண்டிப்பாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2022 நவம்பரில் ஓர் இளம்பெண் தனியாக இந்த மலைமுகட்டுக்குப் போய் உயிரோடு திரும்பவில்லை. மீட்புக் குழுவினர் நாள்கணக்கில் தேடினார்கள். அந்தச் செய்தியை நான் ஒவ்வொரு நவம்பரிலும் நினைத்துக்கொள்கிறேன். கார் நிறுத்துமிடத்தில் ஏழு டிகிரி குளிர் இதமாக இருக்கும். அதே நேரத்தில் மேலே பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கும். கீழே இருப்பதை வைத்து மேலே இருப்பதை அளக்க முடியாது. வாஷிங்டன் மலை ஆய்வகம் உயர்ந்த உச்சிகளுக்கென்றே தனியாக வானிலை அறிக்கை வெளியிடுகிறது. அதைப் பார்க்காமல் நான் கிளம்புவதே இல்லை. அன்றைய அறிக்கை இதுதான்: உச்சிகள் மேகத்துக்குள், வடமேற்குக் காற்று, உறைநிலைக்குப் பல டிகிரி கீழே. மழையோ புயலோ கிடையாது. மதியம் ஒன்றரைக்குள் கடைசி உச்சியை விட்டு இறங்கத் தொடங்கவில்லை என்றால் எங்கே இருந்தாலும் திரும்பிவிடுவது என்று முடிவு செய்துகொண்டோம். கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி இரண்டு வாரம் ஆகியிருந்தது. நாலேகாலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும்.

காலை ஏழு மணிக்கு நடக்கத் தொடங்கினோம். ஃபாலிங் வாட்டர்ஸ் என்ற பாதை. பெயருக்கு ஏற்ற மாதிரி ஓடையைக் கடந்து கடந்து ஏறுகிறது. காடு முழுக்க மொட்டை. பீச் மரக் கன்றுகள் மட்டும் இலையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தன. வெளிறிய பழுப்பில், எண்ணெய்க் காகிதம் மாதிரி மெல்லிசாக, காற்று வந்தால் சலசலத்தன. மஞ்சள் பிர்ச் மரத்தின் பட்டை சுருள் சுருளாக உரிந்து தொங்கியது. கீழே விழுந்த இலைகள் மேல் படிந்திருந்தது எனக்குத் தெரிந்த பனி. ஊசி ஊசியாக, இலையின் விளிம்பில் மட்டும். இரவு இங்கே காற்று நின்றிருக்கிறது என்று அப்பா குரலில் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மூன்று அருவிகளில் பெரியது கிளவுட்லேண்ட் அருவி, 24 மீட்டர். பாதி உறைந்திருந்தது. ஓரங்களில் பனிக்கட்டி திரைச்சீலை மாதிரி இறங்கியிருக்க, நடுவில் மட்டும் தண்ணீர் கறுப்பாக ஓடியது. தம்பி அங்கேயே நின்றுவிட்டான். குற்றாலத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவனுக்கு அருவி என்றால் சத்தம்.

"சத்தத்தையே காணோமேக்கா" என்றான். "ஐந்தருவி ஒரு நாள் இப்படி நின்னுச்சுன்னா ஊரே கூடிரும்."

அருவியைத் தாண்டும் இடங்களில் பாறைமேல் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டிப் பூச்சு இருந்தது. தண்ணீர் தெறித்துத் தெறித்து உறைந்த கண்ணாடி. ஈரப் பாறை என்று நினைத்துக் கால் வைத்தால் வழுக்கிவிடும். மைக்ரோஸ்பைக்ஸை அங்கேயே மாட்டிக்கொண்டோம். அதற்கு மேல் பழைய மரவெட்டிச் சாலைகள் வழியாகப் பாதை வளைந்து வளைந்து ஏறுகிறது. மூச்சு வாங்கும், பார்க்க ஒன்றுமில்லை, ஏறவேண்டியதுதான்.

ஒன்பதரை மணிக்கு மேல் மேகத்துக்குள் போனோம். அது ஒரு கோடு மாதிரி தொடங்கவில்லை. முதலில் தூரத்து மரங்கள் சாம்பலாகின. பிறகு பக்கத்து மரங்கள். பால்சம் ஃபிர், கறுப்பு ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரங்கள் மட்டுமே மிச்சம், அவையும் ஒவ்வொரு திருப்பத்திலும் குட்டையாகிக்கொண்டே வந்தன. ஆள் உயரம், இடுப்பு உயரம். அப்போதுதான் ஒரு கிளையைப் பார்த்தேன். அதன் ஒரு பக்கம் மட்டும் வெள்ளையாக இருந்தது.

கிட்டே போனேன். ஊசியிலை ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு வெள்ளை இறகு முளைத்திருந்தது. கோழி இறகு மாதிரி நடுவில் தண்டு, இரு பக்கமும் கிளை. எல்லா இறகுகளும் ஒரே திசையைப் பார்த்து நீண்டிருந்தன. மரத்தின் மறுபக்கம் சுத்தமான பச்சை, ஒரு துளிகூட வெள்ளை இல்லை. பக்கத்து மரமும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. யாரோ ஒரே பக்கமாக நின்று சுண்ணாம்பு அடித்துக்கொண்டு போன மாதிரி.

காற்று அடித்து அடித்துப் பின்பக்கமாக இழுத்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். கொடி பறக்கிற திசை, புகை போகிற திசை எல்லாம் அப்படித்தானே. முகத்தைத் திருப்பிக் காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்த்தேன். இறகுகள் காற்று வருகிற பக்கத்தையே நோக்கி வளர்ந்திருந்தன. காற்றை எதிர்த்து முளைத்திருந்தன.

இதன் சூட்சுமம் இப்படி. மேகத்தில் இருக்கிற நுண்துளிகள் பூஜ்யத்துக்குக் கீழே போனாலும் உடனே உறைந்துவிடுவதில்லை. பற்றிக்கொள்ள ஒரு பொருள் கிடைக்கும்வரை தண்ணீராகவே மிதக்கும். காற்று அந்தத் துளியைக் கொண்டுவந்து ஒரு கிளையில் மோதும்போது, மோதின கணத்தில் உறைந்து ஒட்டிக்கொள்கிறது. அடுத்த துளி அதன் முதுகில் ஒட்டுகிறது. அதன் முதுகில் இன்னொன்று. காற்று எந்தப் பக்கமிருந்து துளியைக் கொண்டுவருகிறதோ அந்தப் பக்கமாகத்தான் வளர முடியும். துளிகளுக்கு இடையே காற்று சிக்கிக்கொள்வதால் கண்ணாடியாகத் தெரியாமல் பால் வெள்ளையாகத் தெரிகிறது. வானத்திலிருந்து எதுவும் விழவில்லை. நாங்கள் நின்ற மேகமே கிளைகளில் ஒட்டிக்கொண்டிருந்தது.

மேகம் இல்லை என்றால் இந்தப் பனி இல்லை. காற்று நின்றால் இதன் வளர்ச்சி நின்றுவிடும். பள்ளத்தில் இது வராது, மேகம் தொடுகிற உயரத்தில்தான் வரும். எந்த மூன்றும் இருந்தால் பனி விழாது என்று நம்பியிருந்தேனோ, அந்த மூன்றும் சேர்ந்து உண்டாக்கிய பனி. எனக்கு உடம்பு சிலிர்த்தது குளிரால் மட்டுமில்லை.

"இதுக்கு என்னக்கா பேரு?" என்று தம்பி கேட்டான்.

ஆங்கிலத்தில் ரைம் என்கிறார்கள். தமிழில் நினைத்து நினைத்துப் பார்த்தேன். பனி என்ற ஒரே சொல்லுக்குள் நாம் எவ்வளவு வைத்திருக்கிறோம். புல் நுனித் துளியும் பனி, மார்கழி மூட்டமும் பனி, இமயத்தில் கிடப்பதும் பனி. கண் பனித்தது என்றால் அது கண்ணீர். குளிரில் நடுங்குவதைக்கூடப் பனித்தல் என்று சொல்லியிருக்கிறார்கள். நீலகிரியில் மட்டும் கொஞ்சம் பிரித்து வைத்துக்கொண்டோம். முதலில் வருவது நீர்ப்பனி, அப்புறம் வருவது உறைபனி. இந்த இறகுக்கு அந்த இரண்டுமே பொருந்தவில்லை. "பேர் இல்லைடா, நாமதான் வைக்கணும்" என்றேன்.

பத்தரைக்கு மரங்கள் சட்டென்று முடிந்து லிட்டில் ஹேஸ்டாக் உச்சியின் பாறைகள் மேல் வந்து நின்றோம். தெளிந்த நாளில் இங்கே கால் வைக்கும்போது எல்லோரும் ஒரு நொடி பேச்சை நிறுத்துவார்கள். அடுத்த இரண்டு உச்சிகளும் கத்தி முனை மாதிரி எதிரே நீளும். அன்று பதினைந்து அடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. காற்று இடது பக்கத்திலிருந்து தள்ளியது. மூக்கு வரை மூடிக்கொண்டு, உள் கையுறைக்கு மேல் தடித்த கையுறை மாட்டிக்கொண்டு, ஒருவர் முதுகை ஒருவர் விடாமல் வடக்கே நடந்தோம்.

இந்தப் பாதையின் இரு ஓரமும் முழங்கால் உயரத்துக்குக் கற்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஆட்கள் வழியை விட்டு விலகிச் செடிகளை மிதிக்காமல் இருப்பதற்காகத் தன்னார்வலர்கள் கையால் சுமந்து அடுக்கியவை. முகட்டில் வளர்வது பெரும்பாலும் ஆர்க்டிக் பகுதியில் இருக்கிற செடிகளின் உறவு. டயாபென்சியா என்று ஒன்று, தரையோடு தரையாக மெத்தை மாதிரி படர்ந்திருக்கும். ஜூனில் வெள்ளைப் பூ பூக்கும். பனிக்கட்டிக் காலம் முடிந்து குளிர் வடக்கே பின்வாங்கியபோது, இந்த உச்சிகளில் மட்டும் தங்கிப்போனவை. எத்தனை குளிரையும் தாங்குகிற இது மனிதக் காலை மட்டும் தாங்காது. அந்தக் கல்வரிசை அன்று எங்களுக்கும் உதவியது. மேகத்துக்குள் கண்ணில் பட்ட ஒரே நேர்க்கோடு அதுதான். கற்கள் ஒவ்வொன்றின் மேற்குப் பக்கத்திலும் விரல் நீள இறகுகள்.

லிங்கன் உச்சியில், 1,551 மீட்டரில், நிற்கவே முடியவில்லை. பாறையைத் தொட்டுவிட்டு நடந்தோம். லிங்கனுக்கும் லஃபாயெட்டுக்கும் நடுவே பாதை கொஞ்சம் இறங்கி, குள்ள மரங்கள் அடர்ந்த ஒரு பள்ளத்துக்குள் போகிறது. அங்கே மட்டும் காற்று தலைக்கு மேலே போனது. உறைந்துபோயிருந்த தண்ணீர்க் குழாயைச் சட்டைக்குள் விட்டு இளக்கினான் தம்பி. ஃபிளாஸ்கைத் திறந்து ஆளுக்கு ஒரு மூடி சுக்குக்காபி குடித்தோம். அவன் இடது கண்ணின் இமை முடியில் மட்டும் வெள்ளை பூத்திருந்தது. வலது கண் கறுப்பாகவே இருந்தது. என்னைப் பார்த்து அவனும் அதையே சொன்னான். மேகம் மரங்களை எப்படிப் பூசியதோ அப்படியே எங்களையும் ஒரு பக்கமாகப் பூசியிருந்தது.

லஃபாயெட் உச்சியில் ஒரு பழைய கட்டடத்தின் அஸ்திவாரம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே ஒரு தங்கும் விடுதி இருந்தது, பணக்காரர்கள் குதிரையில் ஏறி வருவார்கள். நாங்கள் இறங்கப்போகும் பாதைக்குப் பழைய குதிரைப் பாதை என்றே பெயர். மிஞ்சியது இடுப்பளவு கல்சுவர் மட்டும். அதன் கிழக்குப் பக்கம் ஒண்டிக்கொண்டு சாப்பிட்டோம். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி கல்லாகிவிட்டது. அம்மா ஊரிலிருந்து அனுப்பிய வர்க்கிதான் காப்பாற்றியது. அதில் உறைய ஈரமே இல்லை. உச்சியிலிருந்து தெரிய வேண்டியது ஐந்து மாநிலமோ ஆறு மாநிலமோ, நான் அன்று அதை ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை. என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில், கல்லின் விளிம்பில், இறகு ஒன்று வளர்ந்துகொண்டிருந்தது. உற்றுப் பார்த்தால் வளர்வது தெரியாது. ஆனால் வந்தபோது தெரிந்த ஒரு கறுப்புப் புள்ளி சாப்பிட்டு முடித்தபோது மூடியிருந்தது.

பன்னிரண்டே முக்காலுக்குக் கிளம்பினோம். அங்கேதான் தவறு நடந்தது. உச்சியில் இரண்டு வழி பிரிகிறது. மேற்கே இறங்குவது எங்கள் வழி. நேர் வடக்கே போவது அப்பலாச்சியன் நெடும்பாதை, ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை 3,500 கிலோமீட்டர் போகிற பாதையின் ஒரு துண்டு. அதற்கு அடையாளம் பாறைமேல் வெள்ளைக் கோடு, எங்களுடையதற்கு நீலம். அன்று எல்லாப் பாறையும் வெள்ளை. வழிகாட்டிப் பலகையில் எழுத்து தெரியவில்லை, இறகுகள் மூடியிருந்தன. இருட்டுமுன் இறங்க வேண்டும் என்ற அவசரத்தில், வழி காட்டக் குவித்து வைத்திருக்கும் கற்குவியல்களில் அடுத்துத் தெரிந்ததைப் பார்த்து நடக்கத் தொடங்கினேன். தம்பி பின்னால் வந்தான்.

ஐந்து நிமிடம் இருக்கும். ஏதோ சரியில்லை என்று தோன்றியது, என்னவென்று புரியவில்லை. நின்றேன். இடது கன்னம் எரிந்தது. காலையிலிருந்து எரிகிற அதே கன்னம். மேற்கே திரும்பியிருந்தால் வடமேற்குக் காற்று வலது கன்னத்தில் அல்லவா அடிக்க வேண்டும்? குனிந்து ஒரு பாறையைப் பார்த்தேன். இறகுகள் எனக்கு இடதுபக்கம் முன்னோக்கி நீண்டிருந்தன, முகட்டில் பார்த்த அதே கோணம். நான் இன்னும் வடக்கேதான் போய்க்கொண்டிருந்தேன்.

"தப்பா வந்துட்டோம்டா" என்றேன்.

"எப்படிக்கா சொல்றீங்க?"

பாறையைக் காட்டினேன். போனை எடுத்துப் பார்த்தான், குளிரில் அணைந்துபோயிருந்தது. வரைபடத்தைக் காற்றில் பறக்காமல் அவன் பிடிக்க, நான் திசைகாட்டியை வைத்தேன். வடக்கு. எங்கள் காலடித் தடம் தெரிந்ததால் வந்த வழியே உச்சிக்குத் திரும்பி, பலகையைக் கையுறையால் தேய்த்து எழுத்தைப் படித்தோம். இருபது நிமிடம் போனது. வழி தவறியதற்குப் பொறுப்பு என்னுடையதுதான். பலகையை முதலிலேயே துடைத்திருக்க வேண்டும். வடக்கே தொடர்ந்திருந்தால் அடுத்த சாலை வெகுதூரம், இரவு முழுக்க அந்தக் காற்றில் இருந்திருப்போம். அன்று இரவு தூங்கப்போகும்போது இதை நினைத்து எனக்குக் கை நடுங்கியது. மறுவாரமே இருவரும் ஹைக் சேஃப் கார்டு வாங்கினோம், ஆண்டுக்கு 25 டாலர். இந்த மாநிலத்தின் மலை மீட்புப் பணிக்குத்தான் அந்தப் பணம் போகிறது. இந்த மலைகளில் நடக்கிற நம் மக்கள் ஒவ்வொருவரும் வாங்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இறங்கும் வழியில் 1,286 மீட்டரில் கிரீன்லீஃப் குடில் இருக்கிறது. 1930இல் கட்டியது. கோடையில் படுக்கை, சூப்பு எல்லாம் கிடைக்கும், அக்டோபரோடு மூடிவிடுவார்கள். ஜன்னல்களுக்குப் பலகை அடித்திருந்தார்கள். அங்கே மேகத்தை விட்டு வெளியே வந்தோம். பக்கத்தில் இருக்கிற சின்ன ஏரி மேல் ஆடை மாதிரி ஐஸ். எதிரே பள்ளத்தாக்குக்கு அப்பால் கேனன் மலையின் செங்குத்துப் பாறை தெரிந்தது.

அந்தப் பாறையின் நெற்றியில் ஒரு காலத்தில் மனித முகம் இருந்தது. பக்கவாட்டில் பார்த்தால் மூக்கும் தாடையும் தெரிகிற கிரானைட் முகம். மலைக்கிழவன் என்று பெயர். நியூ ஹாம்ப்ஷயரின் அடையாளமே அதுதான், கார் நம்பர் பலகையில் இன்றும் இருக்கிறது. விரிசலில் தண்ணீர் புகுந்து உறைந்து, விரிந்து, உருகி, மறுபடி உறைந்து, ஒவ்வொரு குளிர்காலமும் முகத்தை நெம்பிக்கொண்டே இருந்தது. 1916இலேயே இரும்புக் கம்பிகளால் இழுத்துக் கட்டிப் பார்த்தார்கள், 1958இல் மறுபடியும் கட்டினார்கள். 2003 மே 3 அன்று காலையில் மக்கள் நிமிர்ந்து பார்த்தபோது முகம் இல்லை. இரவில் சரிந்திருந்தது. அதன் அடியில் ஊர்க்காரர்கள் பூ வைத்துவிட்டுப் போனார்கள் என்று படித்தபோது எனக்குத் துக்கமாக இருந்தது. ஒரு மலையின் முகத்துக்குப் பூ வைக்கத் தெரிந்தவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் எனக்கு நெருக்கமானவர்கள்தான்.

குடிலுக்குக் கீழே பாதை மூன்று முறை செங்குத்தாக விழுந்து எழுகிறது. முட்டி வலிக்கும். நடுவே வாக்கர் பள்ளத்தாக்கைப் பார்த்த மாதிரி வெட்டவெளிப் பாறைகள் உண்டு. மூன்று மணி வாக்கில் அதில் ஒன்றில் உட்கார்ந்து காலணிக் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தேன். "அக்கா, மேல பாருங்க" என்றான் தம்பி.

மேகம் தூக்கியிருந்தது. காலையிலிருந்து நாங்கள் நடந்த மொத்த முகடும், மூன்று உச்சிகளும், முதல்முறையாகக் கண்ணில் பட்டன. அதன் மேல்பாதி வெள்ளை, கீழ்ப்பாதி கறுப்பு. இரண்டுக்கும் நடுவே அளவுகோல் வைத்து இழுத்த மாதிரி ஒரு கோடு, ஒரு உச்சியிலிருந்து இன்னொரு உச்சி வரை, பள்ளம் மேடு எதையும் மதிக்காமல் ஒரே மட்டத்தில் போனது. மேகத்தின் அடிவயிறு காலையில் அங்கேதான் இருந்திருக்கிறது. அது வந்து நின்ற மட்டத்தை மலைமேல் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தது. சாய்வெயில் பட்டு மேல்பாதி இளஞ்சிவப்பாக மாறியது. பத்து நிமிடம் உட்கார்ந்தே பார்த்தோம். அந்த வெளிச்சத்தில் உட்கார நேரமில்லை என்று தெரிந்தும் எழ மனசு வரவில்லை.

கடைசி அரை மணி நேரம் தலைவிளக்கோடு இறங்கினோம். நாலே முக்காலுக்குக் கார்.

திரும்பும் வழியில் தம்பி தூங்கிவிட்டான். ஏழரை மணிக்கு, ஊரில் ஆறு மணி ஆகியிருக்கும் என்று, அப்பாவை ஸ்பீக்கரில் அழைத்தேன். எழுந்து தோட்டத்தில் இருந்தார். மலையைப் பற்றிச் சொன்னேன். பனியைப் பற்றிச் சொன்னேன்.

"காத்து அடிச்சுதா?"

"நல்லா அடிச்சுதுப்பா."

"மேகம்?"

"மேகத்துக்குள்ளயேதான் நடந்தோம்."

"அப்ப எப்படிம்மா பனி விழும்?"

விழவில்லை, முளைத்தது என்று சொல்லி, துளி மோதுவதையும் ஒட்டுவதையும் இறகு காற்றை எதிர்த்து வளர்வதையும் என்னால் முடிந்தவரை விளக்கினேன். அப்பா குறுக்கே பேசவே இல்லை. பின்னால் ஸ்பிரிங்ளர் சுற்றுகிற சத்தம் கேட்டது. முடித்த பிறகும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்.

"அங்க செடி ஏதாச்சும் இருந்துச்சா?"

"இருக்குப்பா. தரையோட தரையா, மெத்தை மாதிரி."

"கருகிருச்சா?"

"இல்லப்பா. பனியை ஒதுக்கிப் பார்த்தேன். பச்சையாத்தான் இருந்துச்சு."

"எத்தனை உசரம் இருக்கும்?"

"விரக்கடைதான் இருக்கும்."

"சரி, சரி" என்றார். "இங்கயும் ராத்திரி காத்து நின்னுருச்சும்மா. நீர்ப்பனிதான், பரவாயில்லை. கடைசிப் பாத்திக்கு இன்னும் தண்ணி எட்டலை, குழாயைத் திருப்பிட்டு வந்து பேசறேன்."